ரீபர்த் ஏன் எதிர்பார்த்த அளவு விக்கல? ஒரு ரெண்டாம் பாகத்தோட கணக்கு

பாளையங்கோட்டையில கேம் ஆடுத யார்ட்டயாவது ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த் பத்தி பேச்செடுத்தீங்கன்னா, பாதி பேரு "அது ஃப்ளாப்புலா"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருதாங்க. யூட்யூப்ல பாத்தது, ரீல்ஸ்ல பாத்தது, எவனோ தம்ப்நெயில்ல சிவப்பு அம்புக்குறி போட்டு கீழ எறங்குத கிராஃப் காட்டுனது, இதுதான் அவங்களுக்கு ஆதாரம். நீ ஆடிப் பாத்தியாலேன்னு கேட்டா, "இல்லண்ணே, நம்மட்ட பிஎஸ்5 இல்லல்லா"ங்கான். அந்த பதில்லயே பாதி விசயம் இருக்கு, மிச்சப் பாதிய கொஞ்சம் பொறுமையா சொல்லலாம்னுதான் இத எழுதுதேன்.

மொதல்ல நடந்தது என்னன்னு பாப்போம். 1997-ல வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐ ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனி மூணு பாகமா புதுசா செஞ்சுட்டு வருது. மொத பாகம் ரீமேக், 2020 ஏப்ரல் 10-ல சோனியோட பிளேஸ்டேஷன் 4 மெஷினுக்கு, அதாவது பிஎஸ்4-க்கு வந்துச்சு. ரெண்டாவது பாகம்தான் ரீபர்த், 2024 பிப்ரவரி 29-ல பிஎஸ்5-க்கு மட்டும் வந்துச்சு. விமர்சனம்லாம் அமோகம், விமர்சன மார்க்கெல்லாம் சேத்து சராசரி போடுத மெட்டாகிரிட்டிக்ல நூத்துக்கு 92, கேம் அவார்ட்ஸ்ல அந்த வருசத்தோட சிறந்த கேம் போட்டியில இருந்துச்சு, சிறந்த இசைக்கான விருது கையில கெடச்சுது. ஆனா விற்பனை பத்தி கம்பெனி வாயத் தொறக்கல. ரீமேக் வந்தப்ப கடைக்கு அனுப்புனதும் டிஜிட்டலும் சேத்து மூணே நாள்ல 35 லட்சம்னு பெருமையா அறிவிச்சாங்க, 2023 ஜூன்ல ஃபைனல் ஃபேன்டஸி 16 வந்தப்ப ஒரு வாரத்துல 30 லட்சம்னு சொன்னாங்க, ரீபர்த்துக்கு அந்த மாதிரி மொத வார அறிவிப்பே வரல. இந்த தொழில்ல நல்ல நம்பர் இருந்தா யாரும் மறச்சு வைக்க மாட்டாங்க, அதனால அப்பவே எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. பொறவு கம்பெனி தலைவர் தகாஷி கிர்யு முதலீட்டாளர்கள்ட்ட பேசும்போது 16-ஆம் பாகமும் ரீபர்த்தும் எதிர்பாத்த லாபத்த குடுக்கலன்னு ஒத்துக்கிட்டாரு.

இங்கன ஒரு வார்த்தைய கவனிங்க, "எதிர்பாத்த". யாரு எதிர்பாத்தது, எப்ப எதிர்பாத்தது? ஆடுதவங்க இல்ல. கேம் வெளிய வாரதுக்கு ரொம்ப முன்னாடியே, இவ்வளவு செலவு பண்ணுதோம் அப்ப இத்தன லட்சம் வித்தாவணும்னு கம்பெனிக்குள்ள ஒரு நம்பர் எழுதி வச்சிருப்பாங்க. கேம் அத தொட்டா வெற்றி, தொடலன்னா தோல்வி. அந்த நம்பர் நியாயமானதான்னு வெளிய இருந்து யாரும் கேக்குறதில்ல.

இதே ஸ்கொயர் எனிக்ஸ் 2013 மார்ச்சுல டூம் ரெய்டர் வெளியிட்டுச்சு. நாலு வாரத்துக்குள்ள 34 லட்சம் காப்பி போச்சு. அதுவும் இலக்க தொடலன்னுதான் கம்பெனி சொன்னுச்சு! அப்ப தலைவரா இருந்த யோய்ச்சி வாதா பதவிய விட்டு எறங்குனாரு. அதே டூம் ரெய்டர் அடுத்தடுத்த வருசங்கள்ல மெதுமெதுவா வித்து ஒரு கோடிய தாண்டிடுச்சு, அதுக்கு ரெண்டு தொடர்ச்சியும் வந்துச்சு. அப்ப 2013-ல தப்பா இருந்தது கேமா, கணக்கான்னு நீங்களே பாத்துக்கிடுங்க. என்னயக் கேட்டா கணக்குதான்.

அந்த நம்பர் ஏன் இவ்வளவு பெருசா ஆவுதுன்னா, செலவு அப்பிடி ஏறிட்டு. கேம் கம்பெனிங்க சாதாரணமா பட்ஜெட்ட வெளிய சொல்லாது, ஆனா 2023-ல மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன்ங்கிற கேம் கம்பெனிய வாங்குத விசயமா அமெரிக்காவுல கேஸ் நடந்தப்ப, சோனி குடுத்த ஆவணத்துல கறுப்பு மையால அடிச்ச எடம் சரியா மறையாம போயி, உள்ள இருந்த தொகை எல்லாரு கண்ணுலயும் பட்டுச்சு. லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2-க்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி டாலர். இத வச்சு சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 22 கோடி டாலர் செலவுல ஒரு கேம் செஞ்சு 70 டாலருக்கு விக்கோம்னு வைங்க, டிஜிட்டல் கடைக்காரன் வழக்கமா எடுக்க 30 சதவீதம் போச்சுன்னா கைக்கு வாரது 49 டாலர். போட்ட துட்ட எடுக்கவே 45 லட்சம் காப்பி விக்கணும், அதுவும் முழு வெலையில. விளம்பரச் செலவு, வரி, ஆஃபர்ல வெல குறையுதது எதுவும் இதுல சேரல. லாபம்ங்கது அதுக்கும் மேல. முப்பது லட்சம் வித்த கேமயும் தோல்விங்காங்களேன்னு நமக்கு ஆச்சரியமா இருக்குல்லா, அதுக்கு காரணம் இதுதான்.

சரி, இது எல்லா பெரிய கேமுக்கும் பொதுவான கஷ்டம். ரீபர்த்துக்குன்னு தனியா ஒண்ணு இருக்கு, அது மூணு பாகத்துல நடுப்பாகம்.

பழைய 1997 கேம்ல மிட்கார்ங்கிற நகரம் ஆரம்பத்துல சில மணி நேரம்தான் வரும். அந்த சில மணி நேரத்த ஊதிப் பெருசாக்கி ஒரு முழு கேமா செஞ்சதுதான் ரீமேக். ரீபர்த், மிட்கார விட்டு வெளிய வந்த பொறவு ஆரம்பிக்குது, காம்ங்கிற ஊருல ஒரு சத்திரத்துல ஒக்காந்து கதாநாயகன் க்ளவுட் தன்னோட பழைய கதைய சொல்லுதான். இவன் யாரு, கூட இருக்கவங்க யாரு, வில்லன் செஃபிராத் மேல ஏன் இவ்வளவு வெறின்னு தெரியாதவனுக்கு அங்க ஒக்கார எடமே இல்ல. அதனால ரீபர்த்த வாங்கக்கூடியவங்க யாருன்னா, ரீமேக்க வாங்குனவங்க, அதுலயும் முடிச்சவங்க, அதுலயும் நாலு வருசம் கழிச்சு இன்னும் ஆசையா இருக்கவங்க. ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் கொஞ்சம் பேரு உதிர்ந்துருவாங்க. 2021 மார்ச்சுல சோனியோட சந்தா திட்டமான பிஎஸ் ப்ளஸ்ல மாச கேமா ரீமேக்க குடுத்தாங்க, அப்ப லைப்ரரியில சேத்து வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் ஆடி விட்ட ஆளுங்க எத்தனயோ பேரு, எனக்கு தெரிஞ்ச வட்டத்துலயே இருக்காங்க. அவங்களுக்கு ரீபர்த் வந்தா என்ன வராட்டா என்ன. ஸ்கொயர் எனிக்ஸுக்கும் இது தெரியும், அதனாலதான் ரீபர்த்த முன்பதிவு பண்ணுனா ரீமேக்கும் சேந்து கெடைக்குத மாதிரி ட்வின் பேக் போட்டு வித்தாங்க. ஆனா ரெண்டு பெரிய கேம ஒருத்தன் ஆடி முடிக்க நேரத்த எந்த பேக்கும் குடுக்க முடியாதுல்லா.

இன்னொரு பக்கம் பாருங்க, நின்டெண்டோ 2023 மே 12-ல செல்டா டியர்ஸ் ஆஃப் த கிங்டம் வெளியிட்டுச்சு, அதுவும் ரெண்டாம் பாகம் மாதிரிதான், மூணே நாள்ல ஒரு கோடி காப்பி. அது மொத பாகம் வந்த அதே ஸ்விட்ச்லயே வந்துச்சு, நடுவுல ஆறு வருசத்துல அந்த ஸ்விட்ச் பன்னெண்டு கோடிக்கு மேல வித்திருந்துச்சு. கதையும் மொத பாகம் ஆடாதவன் நேரா உள்ள வந்தாலும் புரியும். அதாவது மொத பாகம் வந்தப்ப இருந்தத விட ரெண்டாம் பாகத்துக்கு பெரிய கூட்டம் தயாரா நின்னுச்சு.

ரீபர்த்துக்கு நடந்தது நேர் தலைகீழ். ரீமேக் வந்த 2020-ல பிஎஸ்4 கிட்டத்தட்ட 11 கோடி வீட்டுல இருந்துச்சு, போதாக்குறைக்கு லாக்டவுன், வீட்ட விட்டு வெளிய போவ முடியாத ஏப்ரல் மாசம். ரீபர்த் வந்தப்ப அது ஓடுத ஒரே மெஷின் பிஎஸ்5, அது 5 கோடிய தொட்டதே 2023 டிசம்பர்லதான். மொத பாகத்த வாங்குனவன் ரெண்டாம் பாகத்த ஆடணும்னா கேமோட வெலைய மட்டும் குடுத்தா பத்தாது, புது மெஷினும் வாங்கணும். நம்ம நாட்டுல பிஎஸ்5 2021 பிப்ரவரியில 49,990 ரூவாய்க்கு வந்துச்சு, 2022 கடைசியில அது 54,990 ஆச்சு. அப்ப புது கேம் ஒண்ணு 4,999. ஒரே ஒரு கதையோட தொடர்ச்சிய தெரிஞ்சுக்கிட அறுபதாயிரம் ரூவா! பாளையங்கோட்டையில மாச சம்பளத்துக்கு இருக்க பையன் எவன் வீட்டுல இத சொல்லி ஒப்புதல் வாங்குவான்?

அதனால நம்ம பக்கத்துல நெறய பேருக்கு பிஎஸ்5-ங்கிறது கேமிங் சென்டர்ல பாக்குத பொருள்தான். முருகன்குறிச்சி பக்கம் மாடியில ஒரு சென்டர் வச்சிருக்க அண்ணாச்சிட்ட ரீபர்த் டிஸ்க் வாங்கி வச்சீங்களான்னு கேட்டேன். அவரு சொன்ன பதில் எந்த அனலிஸ்ட் சொன்னதவிடவும் எனக்கு தெளிவா இருந்துச்சு.

"தம்பி, இங்கன மணிக்கணக்குக்கு துட்டு குடுத்து வாரவன் கத கேக்கவா வாரான்? ரெண்டு பேரு சேந்து ஒக்காந்து டெக்கன்ல அடிச்சிக்கிடணும், ஃபுட்பால்ல கோல் போடணும், கத்தணும், சிரிச்சிட்டு எந்திரிச்சுப் போவணும். நீங்க சொல்லுத கேம்ல ஒருத்தன் ஒக்காந்தா மத்தவன் வாயப் பாத்துட்டுல்லா இருக்கணும். அதுலயும் நேத்து விட்ட எடத்துல இருந்து ஆடணும்பான், அவன் சேவ் மேல இன்னொருத்தன் சேவ் பண்ணிட்டான்னா எங்கிட்ட சண்டைக்கு வருவான்."

ரீபர்த்ல மெயின் கதைய மட்டும் ஓட்டுனாலே நாப்பது மணி நேரத்துக்கு கொறயாது, சைடு வேலை எல்லாம் பாத்தா நூறு தாண்டும். சென்டர்ல மணிக்கு துட்டு குடுத்து நாப்பது மணி நேரம் ஆடுத ஆளு கெடையாது. அங்க டெக்கன் 8 டிவி முன்னாடி எப்பவும் நாலஞ்சு பேரு நிக்காங்க, காலேஜ் முடிஞ்சு வார பயலுவ பைய கழட்டாம அப்பிடியே நின்னு தன்னோட முறைக்கு காத்துட்டு இருக்காங்க. அந்த டெக்கன் 8-உம் ரீபர்த்துக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடி 2024 ஜனவரி 26-ல வந்ததுதான்.

வீட்டுல பிஎஸ்5 வச்சிருக்கவங்க டிஸ்க்க எப்பிடி கையாளுதாங்கங்கதயும் சொல்லணும். ஒருத்தன் வாங்குவான், முடிச்சதும் வாட்ஸாப் குரூப்ல போட்டுருவான், அது தென்காசிக்கு போவும், அங்க இருந்து நாகர்கோவிலுக்கு கூரியர்ல போவும். ரீபர்த் ரெண்டு டிஸ்க்கா வார கேம், ஒண்ணு டேட்டா டிஸ்க், ஒண்ணு ப்ளே டிஸ்க். டேட்டா டிஸ்க்க ஒரு தடவ இன்ஸ்டால் பண்ணிட்டா பொறவு ப்ளே டிஸ்க் மட்டும் உள்ள கெடந்தா போதும். இப்பிடி ஒரு டப்பா கைமாறி கைமாறி எத்தன பேரு ஆடுனாலும் ஜப்பான்ல இருக்க கம்பெனி கணக்குல அது ஒரு காப்பிதான். ஆன்லைன்ல சேந்து ஆடுத கேமுக்கு இந்த கஷ்டம் கம்மி, எல்லாரும் ஒரே நேரத்துல ஆடணும்ங்கதால ஆளுக்கு ஒண்ணு வாங்கித்தான் ஆவணும். தனியா ஒக்காந்து ஒருக்கா முடிக்குத கதை கேமுக்குத்தான் இந்த நட்டம். ஆடுதவங்கள நான் குத்தம் சொல்லல, 4,999 ரூவாய்க்கு வேற வழி என்ன இருக்கு.

அடுத்தது ரிலீஸ் தேதி. 2024 தொடக்கத்துல ஜப்பான் கேமுங்க வரிசையா வந்து குவிஞ்சுது. ஜனவரி 26-ல லைக் எ டிராகன் இன்ஃபினிட் வெல்த், பிப்ரவரி 1-ல கிரான்ப்ளூ ஃபேன்டஸி ரீலிங்க், பிப்ரவரி 2-ல பெர்சோனா 3 ரீலோட், மார்ச் 22-ல டிராகன்ஸ் டாக்மா 2. இன்ஃபினிட் வெல்த்தும் பெர்சோனாவும் எழுபது எண்பது மணி நேரத்த முழுங்குத கேமுங்க, ஆடுத ஆளுங்களும் கிட்டத்தட்ட ஒரே ஆளுங்கதான். அதுக்கு நடுவுல பிப்ரவரி 8-ல ஹெல்டைவர்ஸ் 2 நாப்பது டாலருக்கு வந்து பன்னெண்டு வாரத்துல 1 கோடியே 20 லட்சம் வித்துட்டு போயிட்டு. ரீபர்த் வந்த வாரத்துல பிஎஸ்5 வச்சிருக்கவன் கையில துட்டும் இல்ல, நேரமும் இல்ல.

தேதியால அடிபட்ட கேமுக்கு இன்னும் பெரிய உதாரணம் டைட்டன்ஃபால் 2. நமக்கு தீவாளி ரிலீஸ்னா என்னன்னு சொல்லித் தர வேண்டாம், ரெண்டு பெரிய ஹீரோ படத்துக்கு நடுவுல நல்ல படம் ஒண்ணு வந்தா ரெண்டாவது நாளே ராத்திரி ஷோவத் தூக்கிருவாங்க. டைட்டன்ஃபால் 2 வந்தது 2016 அக்டோபர் 28, நமக்கு தீவாளிக்கு மொத நாள்! ஒரு வாரத்துக்கு முன்னாடி அக்டோபர் 21-ல பேட்டில்ஃபீல்ட் 1, ஒரு வாரத்துக்கு பின்னாடி நவம்பர் 4-ல கால் ஆஃப் டியூட்டி இன்ஃபினிட் வார்ஃபேர். மூணும் துப்பாக்கி கேம். கொடுமை என்னன்னா டைட்டன்ஃபாலயும் பேட்டில்ஃபீல்டயும் வெளியிட்டது ஒரே இஏ கம்பெனி. மொத பாகம் பிளேஸ்டேஷன்ல வரவே இல்ல, அதுல தனிக் கதையும் இல்ல, ரெண்டாம் பாகத்துல ரெண்டயும் சரி பண்ணி, எஃபெக்ட் அண்ட் காஸ்னு ஒரு லெவல் வச்சாங்க, ஒரு பட்டன அமுக்குனா அதே கட்டடம் இடிஞ்ச காலத்துக்கும் நல்லா இருந்த காலத்துக்கும் மாறும், ஓடிட்டு இருக்கும்போதே நடு ஆகாசத்துல காலத்த மாத்தி சுவத்துல தாவணும். இந்த பத்து வருசத்துல துப்பாக்கி கேமுல நான் ஆடுனதுலயே சிறந்த லெவல் அதுதான். ஆனா விற்பனை எதிர்பாத்தபடி வரல, மூணாம் பாகம் இன்னிய வர வரல. அந்த உலகத்துல நடக்குத அபெக்ஸ் லெஜென்ட்ஸ் 2019 பிப்ரவரியில ஓசியா வந்து ஒரே வாரத்துல 2.5 கோடி பேர இழுத்துச்சு. செஞ்சவங்க டைட்டன்ஃபால செஞ்ச அதே ரெஸ்பான் கம்பெனி ஆளுங்கதான். ஆளுங்களுக்கு அந்த ஆட்டம் பிடிக்கலங்கிறது பொய்யின்னு இதுலயே தெரியுதுல்லா.

திரும்ப ரீபர்த்துக்கு வருவோம். காத்திருந்து வாங்குத பழக்கமும் இதுல பெரிய பங்கு. ரீமேக் 2020-ல பிஎஸ்4-க்கு வந்துச்சு, 2021 டிசம்பர்ல பிசிக்கு எபிக் கடையில வந்துச்சு, 2022 ஜூன்ல ஸ்டீம்ங்கிற இன்னொரு பிசி கேம் கடையில வந்துச்சு. இத பாத்தவங்க ரீபர்த்தும் எப்படியும் பிசிக்கு வரும்னு கணிச்சு பேசாம இருந்தாங்க, கணிச்சது சரியாவும் போச்சு, 2025 ஜனவரி 23-ல வந்துட்டு. எக்ஸ்க்ளூசிவ்னு சோனிட்ட குடுத்துட்டு மொத வாரத்துலயே கூட்டம் வரணும்னு நெனைச்சா எப்பிடி வரும், வெளிய நிக்கவங்களுக்கு கதவு பின்னால தொறக்கும்னு கம்பெனியே ரெண்டு தடவ காட்டிக் குடுத்துட்டுல்லா. பிசியில வந்தும் நம்ம பக்கத்து பயலுவளுக்கு சுளுவா கெடைக்கல. குறைஞ்சபட்சமே ஆர்டிஎக்ஸ் 2060 கிராஃபிக்ஸ் கார்டு கேக்குது, எஸ்எஸ்டியில 155 ஜிபி எடம் வேணும். இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல்ல இருக்க லேப்டாப்ல பாதி ஜிடிஎக்ஸ் 1650, அது அந்த லிஸ்ட்லயே வராது.

கேம் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கு, அத மறைக்க வேண்டாம். ஒவ்வொரு பகுதியிலயும் டவர் ஏறு, பாறைய ஸ்கேன் பண்ணு, மிருகத்த அடி, சாட்லிங்கிற பையன்ட்ட ரிப்போர்ட் குடுன்னு ஒரே வேலைய திரும்பத் திரும்ப செய்யச் சொல்லுது, அந்த சாட்லி பேச்ச நிறுத்தவும் மாட்டாங்கான். மினி கேமுங்க எக்கச்சக்கம், க்வீன்ஸ் ப்ளட் சீட்டாட்டம் மட்டும் அருமை, மத்ததுல பாதிய வெட்டியிருக்கலாம். நண்பர்களோட விமர்சனத்தக் கேட்டு வாங்குதவங்களுக்கு "நல்லாருக்கு, ஆனா ரொம்ப நீளம்"ங்கிற பேச்சு கண்டிப்பா தடையா இருந்திருக்கும். அதே சமயம் கோஸ்மோ கேன்யன்ங்கிற ஊருல, க்ளவுட் கூட்டத்துல இருக்க ரெட் 13 அவன் அப்பாவ பத்தி தெரிஞ்சுக்கிடுத எடத்த ஆடுனவன் எவனும் இத தோத்த கேம்னு சொல்ல மாட்டான், அது நிச்சயம்.

ஸ்கொயர் எனிக்ஸ் இதுல இருந்து எடுத்த முடிவும் இந்த கணக்க ஒட்டித்தான் இருக்கு. 2024 ஏப்ரல் கடைசியில, செஞ்சுட்டு இருந்த கேமுங்கள்ல சிலத கைவிட்டு 2,210 கோடி யென் நட்டம் எழுதுனாங்க. மே மாசம் மூணு வருச திட்டம் ஒண்ணு அறிவிச்சு, இனிமே பெரிய கேமுங்க ஒரே மெஷினோட நிக்காது, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ, பிசி எல்லாத்துலயும் வரும்னு சொல்லிட்டாங்க. கேம மாத்தல, கதவத்தான் மாத்துனாங்க. ரீமேக் ஸ்விட்ச் 2-க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் 2026 ஜனவரி 22-ன்னு தேதி குறிச்சதும் அந்த திட்டத்தோட தொடர்ச்சிதான். நடுப்பாகத்துக்கு கூட்டம் வரணும்னா மொத பாகத்துக்கு புது ஆளுங்கள கொண்டு வரணும், மூணாம் பாகத்துக்கும் அதே வழிதான்.

இத படிச்சிட்டு ஆடிப் பாக்கணும்னு ஆச வந்தவங்க தயவுசெஞ்சு ரீபர்த்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. ரீமேக்க இன்டர்கிரேட் பதிப்பா ஸ்டீம் ஆஃபர்ல பாத்து வாங்குங்க, ஜிடிஎக்ஸ் 1650-லயும் அது ஓடும். கதைய முடிச்சிட்டு அதுல தனியா இருக்க, யூஃபிங்கிற பொண்ணோட எபிசோடயும் விட்ராம ஆடுங்க, சின்னதுதான். ரீபர்த்ல அவ வந்து நிக்கும்போது ஏன் அவ்வளவு கோவமா இருக்கான்னு அத ஆடுனாத்தான் புரியும்.